வல்லைவெளியில் ரசம் மணந்தது

"தங்கராசா, முன் காத்தைத் திறந்து விடும். தம்பிக்கு வேர்க்குது."

பின்சீற்றிலிருந்து ரீச்சர் சொன்னார். நான் திறந்தேன்.

ஆடி மாதம். பகல் பதினொன்றரை இருக்கும். கார் வல்லைவெளியில் போய்க்கொண்டிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அச்சுவேலி தாண்டிப் பருத்தித்துறைக்குப் போகிற வழியில் வருகிற வெட்டவெளி அது. இரண்டு பக்கமும் உப்பு நிலம், அங்கங்கே உப்பு நீர். மரம் இல்லை. வீடு இல்லை. காகம்கூட அவசர வேலை இருந்தால்தான் அந்தப் பக்கம் போகும்.

முன்சீற்றில் ரீச்சரின் மகன் நேசன். ஐம்பது வயது. நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கனடாவிலிருந்து வந்து நான்கு நாள். அவருடைய காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அது கர்ரென்று சத்தம் போட்டுக் காற்று விட்டது.

சூடான காற்று. சோற்றுப்பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு.

தம்பி காலைத் தூக்கினார்.

"அம்மா, இதென்ன சூடா வருது?"

"வெளிக் காத்து, அப்பன். கச்சான். கச்சான் காத்து ஆடியிலை சூடாத்தானே அடிக்கும். நீ மறந்து போனாய்."

"நான் ஒண்டும் மறக்கேல்லை."

காலை மறுபடி கீழே வைத்தார்.

நான் தெருவையே பார்த்தேன். சிரித்தால் ஸ்ரியறிங் ஆடும்.

ஏன் இந்தக் கதை

போன கிழமை இந்தப் பக்கத்தில் லொறிக்குக் கீழே நித்திரை கொண்ட கதையை எழுதினேன். வாசித்த ஒருவர் சந்தையில் மறித்தார். "உம்மடை நித்திரை காணும், போதும். வெயிலுக்குக் கார் கொதிக்காமல் இருக்க ஒரு வழி எழுதும்" என்றார். அவருடைய கார் கோப்பாய்ச் சந்தியில் ஆவி விட்டுக்கொண்டு நின்றதை நானும் கண்டேன். கண்டும் காணாத மாதிரிப் போனேன். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரம் இது.

ரீச்சர்

நல்லூரில் பழைய கல்வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். எண்பது வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன கார் இருந்தது.

அதை ஓட்ட நான் சேர்ந்தேன். படிப்பு ஆறாம் வகுப்பு வரை. ரீச்சர் அதை முதல் நாளே கண்டுபிடித்தார். கேட்கவில்லை. ஒரு துண்டில் என் பெயரை எழுதச் சொன்னார். பார்த்தார். "சரி, ஓட்டத் தெரிஞ்சால் காணும்" என்றார்.

கார் வெள்ளைக்காரன் செய்தது. சாம்பல் நிறம். என்ன கார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தக் கார் வைத்திருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் கொஞ்சப் பேரில்லை.

ஞாயிறு கோயில். எங்கள் கோயிலில்லை, அவர்களுடைய வேதக் கோயில். புதன் பெண்கள் கூட்டம். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருப்பார்கள், அவர்களைப் பார்க்கவேண்டும். செத்தவீட்டுக்கு எங்கள் கார்தான் முதல் போகும். சில வீடுகளில் கட்டிலில் கிடந்தவர்கள் எங்கள் காரின் சத்தம் கேட்டுப் பயந்ததாகவும் கதை உண்டு.

பின்சீற்றில் இருந்துகொண்டே கார் ஓட்டுவார். "ரெண்டாவதுக்கு மாத்தும்." "நாய் நிக்குது." "உவன் கையைக் காட்டாமல் திரும்பப் போறான்." உவன் திரும்புவான்.

எங்கள் கிணறு

காருக்குத் தண்ணீர் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்ன தண்ணீர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ரீச்சர் சொன்னார். காரோடு வந்த இங்கிலிசுப் புத்தகம் அவரிடம் இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"தங்கராசா, றேடியேற்றருக்கு மழைத் தண்ணி விடோணும். எங்கடை கிணத்துத் தண்ணியெல்லாம் சுண்ணாம்பு."

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடிப்பார். வெள்ளைத் துணியில் வடிப்பார். போத்தலில் அடைத்து, "கார்" என்று கடதாசி ஒட்டி, என்னிடம் தருவார்.

நான் கோப்பாயான். எங்கள் தோட்டக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். இரண்டாம் செம்பு கேட்டார்கள். பிறகுதான் அக்காவைப் பார்த்தார்கள். "தண்ணி நல்லம்" என்று சொல்லிக் கலியாணத்தை முடித்தார்கள்.

அப்பேர்ப்பட்ட தண்ணீர் ஒரு காருக்குக் காணாதாம். எனக்கு ரோசம் வந்தது.

ரீச்சரிடம் ரோசம் காட்ட முடியாது. "ஓம் ரீச்சர்" என்றேன். போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். விடிய வரும்போது சைக்கிளில் ஒரு பிளாஸ்ரிக் கான் நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன். ரீச்சர் முற்றத்துக்கு வருமுன் ஊற்றினேன்.

சும்மா ஊற்றவில்லை. மாதம் ஒருமுறை பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். காருக்கு நல்லது செய்கிறேன் என்று.

மழைத் தண்ணீரை வீணாக்கக் கூடாது. மனுசி அதில் தேத்தண்ணீர் போட்டாள். நல்ல தேத்தண்ணீர். ஒன்பது வருடம் குடித்தோம்.

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலுக்கு உள்ளே வெள்ளை பிடித்திருக்கும். எங்கள் கேத்தில் மட்டும் பளபளவென்று இருந்தது. தான் தேய்க்கிற தேய்ப்பு என்றாள் மனுசி. நானும் நம்பினேன்.

இருநூறு வயது

அந்த வருடம் வெயில் வழக்கத்தைவிட மோசம். ஆனியிலேயே எஞ்சின் சூடு காட்டுகிற ஊசி ஏறத் தொடங்கியது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மெதுவாக ஓட்டினேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வீதியில் கார் ஆவி விட்டு நின்றது. ரீச்சர் குடையோடு முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றார். போன வந்த யாரோ படம் எடுத்தார்கள். அது பருத்தித்துறையில் இருக்கிற ரீச்சரின் தங்கச்சிக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனது. நாங்கள் வீடு போய்ச் சேருமுன் தம்பியின் போன் கோல் வந்தது.

அடுத்த மாதம் தம்பியே வந்தார்.

வந்து மூன்றாம் நாள் காலை. முற்றத்தில் நான் கார் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் கேட்டது.

"அம்மா, உங்களுக்கு எண்பது. காருக்கு அறுபது. தங்கராசா அண்ணைக்கு அறுபது. கூட்டினால் எவ்வளவு?"

"இருநூறு."

"இருநூறு வயசு றோட்டிலை திரியலாமோ?"

"கூட்டல் சரி. கேள்வி பிழை."

"பகிடி விடாதேங்கோ அம்மா. அண்டைக்கு நீங்கள் விழுந்திருந்தால்? நான் அங்கையிருந்து என்ன செய்யிறது? காரை விப்பம். என்னோடை வாங்கோ."

துணியைப் பிழிந்தபடி நின்றேன்.

கடைசியில் ஒரு பந்தயம் ஆனது. தம்பி சொன்னதுதான். பருத்தித்துறைச் சின்னம்மா வீட்டுக்குப் பகல் வெயிலில் போவது. வாசலுக்குள் போகும் வரை ஊசி சிவப்பைத் தொடாவிட்டால் தம்பி இனி வாய் திறக்க மாட்டார். தொட்டால் காரை விற்பது.

"கை தா" என்றார் ரீச்சர்.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கராசா, கார் போனால் நான் இந்த வீட்டுக்குள்ளை. வீட்டுக்குள்ளையே கிடந்தால் ஒரு வருசத்திலை நானே ஓமெண்டு சொல்லிப் போடுவன். அங்கை எனக்கு ஒரு அறை வச்சிருக்கிறான். நல்ல அறை. ஆறு மாதம் இருந்து பாத்தனான். யன்னலாலை ஒரு ஆள் போறதைக் காணேலாது."

காரைத் திரும்பிப் பார்த்தார்.

"கார் தாங்குமோ?"

"தாங்கும் ரீச்சர்."

"வாய் தாங்குமெண்டுது. உம்மடை முகம் வேறை சொல்லுது."

புளி

வீட்டுக்குப் போனேன். மனுசியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

முந்தி, மழைத் தண்ணீர் வர முன்னம், எங்கள் கேத்திலிலும் வெள்ளை பிடிக்கும். மனுசி புளி கரைத்து விட்டு அவிப்பாள். வெள்ளை கழன்று வரும். அது ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அங்கேதான் பிழை வந்தது. ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர் மறித்திருப்பார்.

ஒரு உருண்டை புளி கரைத்தாள். வடித்தாள். உப்புப் போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் விடிய அதை றேடியேற்றருக்குள் விட்டேன். எஞ்சினை அரை மணி ஓட விட்டேன். பிறகு திறந்து வெளியே ஊற்றினேன். மண்ணிறத்தில் வந்தது. வெள்ளைப் பொருக்கும் வந்தது. அந்தச் சந்தோசத்தில் அலசாமலே புதுத் தண்ணீர் நிரப்பினேன்.

வந்த பொருக்கைத்தான் பார்த்தேன். வராத பொருக்கை யோசிக்கவில்லை. கழன்ற துண்டுகள் சின்னக் குழாய்களுக்குள் போய் நன்றாக இறுகிவிட்டன. முந்திப் பாதி அடைப்பு. இப்போது முக்கால்.

ரீச்சர் முற்றத்துக்கு வந்தார். கையில் அந்த இங்கிலிசுப் புத்தகம்.

"உந்த முன்சீற்றுக் காலடிப் பெட்டி என்னெண்டு தெரியுமோ?"

"தெரியாது ரீச்சர்."

உண்மையாகத் தெரியாது. ஒன்பது வருடமாக நான் அதைத் தொடவில்லை.

"அது ஹீட்டர். குளிருக்கு. எஞ்சின்ரை கொதிதண்ணி இதுக்குள்ளை வந்து போகும். பின்னாலை ஃபான் ஊதும். சூடு காருக்குள்ளை வரும். அப்ப எஞ்சினுக்குச் சூடு என்னாகும்?"

யோசித்தேன். "குறையும்."

"அதுதான் கணக்கு. பொனற்றுக்குள்ளை, எஞ்சினுக்குப் பக்கத்திலை, ஒரு பைப் பூட்டிக் கிடக்கும். திறந்து விடும். தம்பிக்கு மூச்சும் காட்டப்படாது."

பூட்டிக் கிடந்ததால் அந்தப் பெட்டிக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீர் போகவில்லை. சுத்தமாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

"தம்பி கண்டுபிடிப்பார் ரீச்சர். குளிர் நாட்டிலை இருக்கிறவர்."

"அவன்ரை கார் கரண்டிலை ஓடுறது. பொனற்றுக்குள்ளை சூட்கேஸ் வைக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?"

ஜெபம்

பத்து மணிக்கு வெளிக்கிட்டோம். தம்பி முன்சீற்றில் ஏறினார். ஊசியைப் பார்க்க. போனைக்கூட எடுக்கவில்லை.

கோப்பாய் தாண்டும்போது ஊசி பாதி. நீர்வேலியில் பாதிக்கு மேல்.

"தங்கராசா, நிப்பாட்டும். தங்கச்சிக்கு வாழைப்பழம்."

நிறுத்தினேன். எஞ்சினையும் நிறுத்தினேன். ரீச்சர் ஒவ்வொரு சீப்பாகப் பார்த்தார். கதலி வேண்டாம் என்றார். கப்பல் பழம் வேண்டாம் என்றார். பிறகு கதலி என்றார். ஊசி இறங்கியது.

அச்சுவேலியில் மறுபடி ஏறியது.

"கோயில் வாசலிலை நிப்பாட்டும். வல்லைவெளிக்கு முன்னம் ஒரு சின்ன ஜெபம்."

மரநிழலில் நிறுத்தினேன். மூன்று பேரும் கண்ணை மூடினோம். நான் சைவம். என்றாலும் மூடினேன்.

ரீச்சர் குடும்பத்துக்காக ஜெபித்தார். சபைக்காக ஜெபித்தார். ஊருக்காக, தோட்டக்காரருக்காக, கடற்றொழிலாளருக்காக. கனடாவுக்கும் போனார். நடுவில் குரலைத் தாழ்த்தினார்.

"இறங்கீற்றுதோ?"

அரைக்கண் திறந்து பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் ரீச்சர்."

ஜெபம் தொடர்ந்தது. நோயாளிகள் வந்தார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் வந்தார்கள்.

"என்ன அம்மா இறங்கினது?" என்றார் தம்பி, கண்ணை மூடியபடி.

"கிருபை. குழப்பாதை."

வெளி

வல்லைவெளிக்குள் இறங்கினோம். அங்கே வாழைப்பழமும் இல்லை, கோயிலும் இல்லை. கச்சான் பின்னாலிருந்து அடித்தது, றேடியேற்றருக்குக் காற்று இல்லை. ஊசி ஏறியது. சிவப்புக்கு இரண்டு விரற்கடை. ஒரு விரற்கடை.

தம்பி சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. கணக்கு சரிவருகிற ஆளின் சிரிப்பு.

அப்போதுதான் ரீச்சர் முன் காற்றைத் திறக்கச் சொன்னார்.

ஃபான் சுற்றியது. ஊசி நின்றது. பிறகு ஒரு நூல் இறங்கியது. தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். வெறுங்காலில் இன்னும் சுட்டது. திரும்பப் போட்டார்.

"ஏலாட்டில் சொல்லு அப்பன். திரும்பிப் போவம்" என்றார் ரீச்சர்.

"எனக்கென்ன? நான் இந்த வெயிலிலை ஃபுட்போல் விளையாடினனான்."

"ஓம், ஓம். அப்ப உனக்குப் பதினைஞ்சு வயசு."

தம்பி மூக்கைச் சுருக்கினார்.

"அண்ணை, ரசம் மணக்குது."

எனக்கும் மணந்தது. புளி. மூடியால் கசிந்து சூட்டில் அவிந்துகொண்டிருந்தது.

"எங்கையோ வீட்டிலை சமைக்கினம் தம்பி."

தம்பி இடப்பக்கம் பார்த்தார். உப்பு நிலம். வலப்பக்கம் பார்த்தார். தண்ணீர். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு கூரை இல்லை.

"ஆர் சமைக்கினம்?"

"காத்து கொண்டுவரும்" என்றேன்.

பின்சீற்றில் ரீச்சர் இருமினார். இருமல் நிற்க நேரமெடுத்தது. கண்ணாடியில் பார்த்தேன். கைலேஞ்சித் துணியை வாயில் அடைத்திருந்தார். ஆனால் கண் என்னைக் கேட்டது. இந்த ரசத்தை ரீச்சர் அறியவில்லை.

வாசல்

சின்னம்மா வீட்டு வாசலுக்குள் கார் போய் நின்றது. ஊசி சிவப்புக்கு ஒரு மயிரிழை இங்கால். நான் எஞ்சினை நிறுத்தினேன். வென்றாயிற்று.

தம்பி இறங்கினார். அவித்த நண்டின் நிறம். தலையை உதறினார்.

"ஏதோ செய்திருக்கிறியள். எனக்குத் தெரியும். என்னெண்டுதான் விளங்கேல்லை."

"பந்தயம் முடிஞ்சுது அப்பன். உள்ளை வா" என்றார் ரீச்சர்.

"பொறுங்கோ."

பொனற்றைத் தூக்கினார். லேஞ்சியைச் சுருட்டினார். றேடியேற்றர் மூடியில் வைத்தார்.

"கொதிக்கேல்லையெண்டால் இதைத் திறக்கலாம்தானே?"

கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த மூடிக்குக் கீழே இருந்தது தண்ணீரில்லை, வெடி. திறந்தால் கையோடு முகமும் போகும். நான் பாய்ந்தேன். என் வாய் திறக்குமுன் ரீச்சரின் குடை தம்பியின் மணிக்கட்டில் விழுந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து அடி.

"எடு கையை! கொதிக்குது!"

தம்பி கையைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனார். அதே நேரம் மூடி தானாகவே உஸ்ஸென்றது. பக்கத்துக் குழாயால் ஆவி. பிறகு தண்ணீர். மண்ணிறம். முற்றம் முழுக்க ரசம். சின்னம்மாவின் நாய் வந்து மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

விசாரணை

எங்களை முற்றத்தில் நிறுத்திவைத்தே ரீச்சர் விசாரித்தார். சின்னம்மா தண்ணீர்ச் செம்போடு கதவடியில் நின்றார். தரப் பயந்தார்.

"தங்கராசா. உது என்ன?"

"புளி ரீச்சர்."

"ஏன் புளி?"

"சுண்ணாம்பு கரைக்க."

"மழைத் தண்ணியிலை சுண்ணாம்பு எங்காலை வந்தது?"

சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது. கிணறு, கான், சைக்கிள் எல்லாம்.

"அப்ப நான் வடிச்சுத் தந்த தண்ணி?"

"தேத்தண்ணி போட்டம் ரீச்சர்."

"எத்தினை வருசம்?"

"ஒன்பது."

ரீச்சர் குடையை நிலத்தில் ஊன்றினார்.

"தேத்தண்ணி எப்பிடி?"

"நல்லா இருந்தது."

தம்பிதான் முதலில் சிரித்தார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஹீட்டர் விஷயத்தையும் ரீச்சர் சொல்லிவிட்டார். அதற்கு அவர் வாசற்படியில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு சொன்னார்:

"பரவாயில்லை அம்மா. வாசலுக்கு வரேக்கை ஊசி தொடேல்லை. நீங்கள் வெண்டிட்டியள்."

"இல்லை. ஏமாத்தி வெண்டால் தோத்த கணக்கு. நாப்பது வருசம் பிள்ளையளுக்கு உதைத்தான் சொன்னனான். காரை விக்கிறன்."

தம்பியின் சிரிப்பு நின்றது. மறுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவர் வந்ததே அதற்குத்தான்.

அன்று சின்னம்மா வீட்டுச் சாப்பாட்டில் ரசமும் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

அச்சுவேலியில்

விற்பதென்றாலும் ஓடுகிற காராக விற்கவேண்டும் என்றார் ரீச்சர். தம்பி ஒரு வாடகை வான் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் காரைக் கட்டியிழுத்து அச்சுவேலிக்குக் கொண்டுவந்தேன். அங்கே றேடியேற்றர் வேலைக்காரர் ஒருவர். ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார்.

"அண்ணை, உதைச் சுரண்டினால் ஒரு அறைக்கு வெள்ளை அடிக்கலாம்."

"கோப்பாய்த் தண்ணி" என்றேன்.

"குடிக்க நல்லம்" என்றார். மரியாதை தெரிந்தவர்.

குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார். அவர் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். சந்தையில் மறித்தவர் கவனிக்கவும்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எவ்வளவு நல்ல கிணறென்றாலும். மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் பற்றறிக்கு விடுகிற தண்ணீர், அதோடு கடையில் விற்கிற கூலன்ற். தண்ணீரை விடியக் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார். சூட்டோடு மூடியைத் தொடாதே. குடை வைத்திருக்கிற ஆள் எல்லாருக்கும் வாய்க்காது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் மாற்று. றப்பர் ஹோஸைக் கையால் அமத்திப் பார். பொருபொருவென்றால் அதன் காலம் முடிந்தது. ஃபான் பெல்ற் பெருவிரலுக்குக் கொஞ்சம் வளையவேண்டும், தொய்யக் கூடாது. முன் தகட்டில் தும்பி, வைக்கோல், பொலித்தீன் எல்லாம் அடைந்திருக்கும். பின்பக்கமிருந்து மெல்லத் தண்ணீர் அடி. தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியச் சொல்கிறவனை நம்பாதே. புளி வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் ஊசி ஏறினால் ஹீட்டரைப் போடு. ஓரமாக நிறுத்து. முன்சீற்றில் யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்.

விற்பனை

மூன்றாம் நாள் கார் வந்தது. ஊசி பாதியில் அசையாமல் நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. விற்கப் போகிற காருக்கு என்ன அழகு.

தம்பி போனில் படம் எடுத்தார். "நல்ல விலைக்குப் போகும்" என்றார்.

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம். ஆள் இருக்கு" என்றார் ரீச்சர். "நீ போறதுக்கு முன்னம் எழுத்து முடிஞ்சிடும்."

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன. அன்று பின்னேரம் காரை இரண்டு முறை துடைத்தேன்.

மறுநாள் காலை ரீச்சர் மேசையில் படிவங்கள் இருந்தன. தம்பியும் இருந்தார்.

"தங்கராசா, இதிலை கையெழுத்து வையும்."

சாட்சிக் கையெழுத்து என்று நினைத்தேன். வைத்தேன். நேரமெடுத்து வைத்தேன். தம்பி எட்டிப் பார்த்தார்.

"அம்மா! வாங்கிற ஆள் எண்ட இடத்திலை அண்ணை வச்சிட்டார்."

"சரியான இடத்திலைதான் வச்சிருக்கிறார்."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"அம்மா, உது விக்கிறதோ?"

"காரை விக்கிறதெண்டு பந்தயம். வித்துப்போட்டன். ஆருக்கு விக்கிறதெண்டு நீ கதைக்கேல்லை. நான் கனடாவுக்கு வாறதெண்டும் கதைக்கேல்லை."

தம்பி படிவத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். அந்தத் தாயிடம் கணக்குப் படித்தவர். எங்கே பிழை விட்டார் என்று அவருக்கு விளங்கியது.

"ரீச்சர், நான் எப்பிடி இதை..." என்றேன்.

"விலை இருக்கு. உம்மடை வீட்டுக் கூரையைச் சுத்தி மழைத் தண்ணி பிடிக்கப் பீலி அடிக்கோணும். பீலிக்குக் கீழை ஒரு தொட்டி. அதிலை விழுற தண்ணி காருக்கு. ஒரு சொட்டும் கேத்திலுக்கில்லை."

"மனுசி என்ன செய்யிறது?"

"புளி போடச் சொல்லும்."

அடித்தேன். புரட்டாதிக்குள் பீலியும் தொட்டியும் முடிந்தது. எங்கள் கேத்தில் இப்போது ஒழுங்கையிலேயே வெள்ளை. மனுசி என்னோடு கதைக்கிறது குறைவு.

தம்பி போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் கோயிலுக்குப் போகும் வழியில், ரீச்சருக்குக் கோல் எடுப்பார். முதல் முறை எடுத்தபோது ரீச்சர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்:

"காரைப் பற்றி என்னட்டைக் கேளாதை அப்பன். எனக்குக் கார் இல்லை. கார்ச் சொந்தக்காரரோடை கதை."

போனை முன்னுக்கு நீட்டினார். ஒரு கையால் வாங்கினேன்.

"அண்ணை, அம்மா எப்பிடி இருக்கிறா?"

"இருக்கிறா தம்பி."

"வெயிலுக்குள்ளை கனக்கத் திரிய விடாதேங்கோ. இப்ப உங்கடை கார். நீங்கள்தான் சொல்லோணும்."

"ஓம் தம்பி. இனி நான் சொல்லுறதுதான்."

பின்சீற்றிலிருந்து குரல் வந்தது.

"போனை வையும். மூண்டாவதுக்கு மாத்தும்."

வைத்தேன். மாற்றினேன்.